‘காசுதான் திரும்பி வந்துருச்சுல்ல’ என்பது பதிலாகாது

“ஆன்லைன்ல விலை தப்பா விழுந்துச்சுன்னா அவனே கேன்சல் பண்ணிருவான், காசு திரும்பி வந்துரும். அதுக்கு மேல நம்மால ஒண்ணும் செய்ய முடியாது.” தேனி மாவட்டம் கோம்பையில் மட்டுமல்ல, உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் வரை இதே பேச்சுதான். படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இதில் கால்வாசி உண்மை. மீதி முக்கால்வாசியும் கம்பெனிகளுக்குச் சௌகரியமான நம்பிக்கை.

அந்தக் கால்வாசியை முதலில் ஒப்புக்கொள்வோம். கடையில் ஒட்டிய விலைச்சீட்டு, ‘வாங்க வாருங்கள்’ என்ற அழைப்புதான். வாங்க முன்வருபவர் நாம், சம்மதிப்பவர் கடைக்காரர். இங்கிலாந்தில் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் 1953-இல் சொல்லப்பட்ட இந்தக் கருத்தை நம் நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகவே திரையில் ஒரு விலையைப் பார்த்த மாத்திரத்தில் ‘அந்த விலைக்கே கொடு’ என்று யாரும் மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் நாம் ஆர்டர் போட்டு, பணம் கட்டி, ‘உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது’ என்று எதிர்ப்பக்கத்திலிருந்து செய்தியும் வந்துவிட்டால், அதன்பின் அது வெறும் அழைப்பு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

ஒடிசாவில் இந்தக் கேள்வி வழக்காகவே வந்தது. 2014 டிசம்பரில் அமேசானில் 23,499 ரூபாய் லேப்டாப் ஒன்று, 23,309 ரூபாய் தள்ளுபடி போக 190 ரூபாய் என்று வந்தது. சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் ஆர்டர் போட்டார். உறுதிச் செய்தியும் வந்தது. கொஞ்ச நேரத்தில் விலையில் ஏதோ சிக்கல் என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். படிப்பு வேலைக்கு லேப்டாப் தேவைப்பட்டதால் அவர் வேறொன்றை 22,899 ரூபாய்க்கு வாங்க வேண்டியதாயிற்று. மாவட்ட மன்றம் 10,000 ரூபாய் இழப்பீடும் 2,000 ரூபாய் செலவுத்தொகையும் கொடுக்கச் சொன்னது. அவர் மேல்முறையீடு போனார். மாநில நுகர்வோர் ஆணையம் 2021 ஜனவரியில் அதை 30,000 ரூபாய் இழப்பீடு, 10,000 ரூபாய் தண்டத்தொகை, 5,000 ரூபாய் வழக்குச் செலவு என்று உயர்த்தியது. முன்வருதலும் சம்மதமும் நடந்துவிட்டதால் ஒப்பந்தம் முடிந்தது என்றும், அதன்பின் ரத்து செய்தது சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்றும் சொன்னது.

கவனியுங்கள், 190 ரூபாய்க்கு லேப்டாப்பைக் கொடு என்று ஆணையம் சொல்லவில்லை. ரத்து செய்ததற்கு விலை வைத்தது. ‘பொருள் கிடைக்காது’ என்பதற்கும் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பதற்கும் உள்ள தூரத்தைத்தான் நம் ஊர்ப் பேச்சு அழித்துவிடுகிறது.

‘காசுதான் திரும்பி வந்துருச்சுல்ல, என்ன நஷ்டம்?’ என்பது அடுத்த வாதம். திராட்சைத் தோட்டத்துக்கு விலை பேசி அட்வான்ஸ் வாங்கியவர், மறுவாரம் விலை ஏறியதும் அட்வான்ஸை நீட்டி ‘இந்தாப்பா உன் காசு’ என்றால் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த வியாபாரி வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போவார்? பணத்தைத் திருப்பித் தருவது கடமையின் தொடக்கம்தான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் இந்தப் பக்கமே சாய்கின்றன. ஆர்டரை நாம் ரத்து செய்தால் கட்டணம் பிடிக்கும் நிறுவனம், தானே ரத்து செய்யும்போது அதேபோன்ற கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும். இல்லாவிட்டால் நம்மிடம் பிடிக்கவே கூடாது.

‘தப்பு நடந்தால் ஒப்பந்தம் செல்லாது’ என்று வக்கீல் பாணியில் சிலர் சொல்வார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, முக்கியமான ஒரு விஷயத்தில் இரண்டு தரப்பும் தவறாக நினைத்திருந்தால்தான் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஒருவர் மட்டும் தவறு செய்தார் என்பதற்காக அதைக் கைவிட முடியாது என்கிறது 22-ஆம் பிரிவு. விலையைத் தட்டிய கை அவர்களுடையது.

இங்கே நம் பக்கத்துக்கும் ஒரு வேலி உண்டு. 2003 ஜனவரியில் சிங்கப்பூரில் 3,854 வெள்ளி விலையுள்ள எச்.பி. பிரின்டர் ஒரு தளத்தில் 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. ஆறு பேர் சேர்ந்து 1,606 பிரின்டர்களுக்கு ஆர்டர் போட்டார்கள். உறுதிச் செய்தி தானாகப் போனதால் ஒப்பந்தம் உருவானதை உயர்நீதிமன்றம் ஏற்றது. ஆனால் விலை தவறென்று தெரிந்தே அள்ளப் பார்த்தவர்களுக்கு அது செல்லாது என்று 2004-இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. வீட்டுக்கு ஒன்று வாங்குபவரும் விற்றுக் காசாக்க நூற்றுக்கணக்கில் வாங்குபவரும் ஒன்றல்ல. ஒரு ரூபாய்க்குப் போன் என்று கம்பெனிகளே விளம்பரம் செய்கிற நாட்டில், விலை குறைவாக இருந்த ஒரே காரணத்துக்காக வாங்கினவரைத் திருடன்போலப் பார்ப்பதும் நியாயமில்லை.

‘நிபந்தனைக்கு டிக் போட்டீங்களே’ என்பார்கள். உண்மைதான், பார்சல் கிளம்பினால்தான் ஒப்பந்தம் என்று பல தளங்கள் எழுதி வைத்திருக்கின்றன. யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம். ஆனால் தக்க காரணமில்லாமல் ஒரு தரப்பே முறித்துக்கொள்ள இடம் தருவதை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்கிறது. அப்படிப்பட்ட நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்க மாநில ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கொடுக்கும் எண்ணமே இல்லாத விலையைத் தள்ளுபடி என்று விளம்பரம் செய்வதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். அது தவறுதலா, தூண்டிலா என்பதைக் கம்பெனிதான் விளக்க வேண்டிவரும்.

‘நாங்க சந்தைதான், விக்கிறவர் வேற’ என்ற பதில் ஒடிசாவில் எடுபடவில்லை. இப்போது விற்பவரின் பெயரையும் முகவரியையும் தளம் காட்டியே ஆக வேண்டும். புகார் எழுதும்போது இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக மிச்சமிருப்பது சோம்பலின் வாதம்: ‘பெங்களூருக்கும் டெல்லிக்கும் யார் அலையறது?’ 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோம்பைக்காரருக்கு அது தேனி. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். விலை தெரியும் பக்கத்தையும் உறுதிச் செய்தியையும் ரத்துச் செய்தியையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விலை மாறிவிட்டால் அந்தப் பக்கம் பிறகு கிடைக்காது. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் பொறுப்பு. நகரவில்லை என்றால் 1915 என்ற தேசிய உதவி எண். அதிலும் முடியாவிட்டால் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை நேரம் இருக்கிறது.