பெருக்கினால் மட்டும் போதுமா?

அரேபியப் பாலைவனத்து வெண்மானாகிய ஓரிக்ஸின் சரித்திரம் நமது நேயர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மோட்டார் வண்டியும் துப்பாக்கியும் பாலையில் புகுந்தபின் அம்மிருகத்துக்கு ஒளிய இடமில்லாது போயிற்று. 1972-ம் வருஷத்தில் ஓமான் தேசத்தில் எஞ்சியிருந்தவையும் வேட்டைக்காரருக்கு இரையாயின.

ஆயினும் குலம் நசித்துவிடவில்லை. அபாயத்தை முன்னறிந்தோர் 1962-ல் ஏடனுக்குக் கிழக்கேயுள்ள பாலையில் சிலவற்றைப் பிடித்தனர். லண்டன் மிருகக்காட்சிசாலையும், குவைத், சவுதி அரேபிய அரசர்களும் அளித்தவற்றைச் சேர்த்து 9 ஓரிக்ஸ்கள் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரில் வளர்க்கப்பட்டன. அம்மந்தை பல்கிற்று. 1982 ஜனவரியில் 10 மிருகங்கள் ஓமானின் ஜித்தத் அல் ஹராஸீஸ் சமவெளியில் விடப்பட்டன. அவ்விடத்து ஹராஸீஸ் கூட்டத்தாரே காவலராயினர். 1996-ல் மந்தை சுமார் 400 ஆயிற்று.

அப்பொழுதுதான் அனர்த்தம் விளைந்தது. உயிருடன் பிடித்து அயல்நாட்டாருக்கு விற்கும் களவு தலைதூக்கிற்று. பெட்டைகளும் கன்றுகளுமே முக்கியமாய்க் கொள்ளைபோயின. மூன்றே வருஷங்களில் மந்தை குலைந்தது. பின்னர் சர்க்கார், எண்ணெய் தேடும் பொருட்டு, சரணாலயத்தின் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் குறைத்தனர். 1994-ல் உலகப் பாரம்பரிய ஸ்தலமாக மதிக்கப்பட்ட அவ்விடம், 2007-ல் ஜாபிதாவினின்று நீக்கப்பட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் ஸ்தலம் அதுவே.

வளர்த்தோரின் உழைப்பு வீணென்பது நமது அபிப்பிராயமன்று. வேறு தேசங்களிலும் விடப்பட்டதன் பயனாக, 2011-ல் சுமார் 1,000 ஓரிக்ஸ்கள் சுயேச்சையாய்த் திரிந்தன. ஆனால் பெருக்குவது சாஸ்திரிகளின் வேலை; விட்ட இடத்தைக் காப்பது சர்க்காரின் கடமை. முன்னது நிறைவேறிப் பின்னது தவறினால் என்னவாகுமென்பதற்கு ஓமானே சாட்சி.

நமது தேசத்துக்கும் இதே பரீக்ஷை வந்திருக்கிறது. ராஜஸ்தானத்தில் ஜெய்சல்மேர் ஜில்லாவின் ஸாம் என்னுமிடத்தில் 2019 முதல் கானமயிலின் முட்டைகளை எடுத்துவந்து பொரித்து வளர்க்கின்றனர். பெரும்பாலும் ஒரே முட்டையிடும் பறவை அது. எதிரே நேராகப் பார்க்கும் ஆற்றல் குறைந்தது. பறக்கையில் மின்சாரக் கம்பிகளில் மோதி மடிகின்றது. கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்கும்படி 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024-ல் அவ்வுத்தரவு தளர்த்தப்பட்டது. சூரிய சக்தியால் மின்சாரம் உண்டாக்குவது தேசத்துக்கு அவசியமே. எனினும் கம்பிகளுக்கு வழி செய்யாமல் குஞ்சுகளை வெளியே விடுவது, வளர்த்த கையாலேயே அவற்றை யமனிடம் ஒப்புவிப்பதாகும். கூண்டைத் திறக்குமுன் ஆகாயத்தை நிரபாயமாக்குவதே சர்க்காரின் முதற் கடமை.