கேளாமல் ஓடும் நிரல்கள்

கணினி மெதுவாகிவிட்டதென்று முறையிடுவோர்க்கு நம் ஊர்களில் இரண்டே மருந்துகள் தரப்படுகின்றன. ‘ஃபார்மட் அடித்துவிடுங்கள்’ என்பது ஒன்று. ‘பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள்’ என்பது மற்றது. இரண்டுமே குற்றத்தை இயந்திரத்தின் மீதோ அதை வைத்திருப்பவர் மீதோ ஏற்றுகின்றன. செய்தவரை எவரும் கேட்பதில்லை. நாம் கேட்க விரும்புகிறோம்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கணினி பெற்றனர். வாலாஜாபாத்தை அடுத்த அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டை நெசவு வீடுகள் பலவற்றுக்கு முதற்கணினி வந்தது அப்படித்தான். தொடக்க ஆண்டுகளில் தரப்பட்டவற்றில் நினைவகம் 2 ஜிபி; வட்டு, சுழலும் வகை. (விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்க்கக் கற்றுத்தந்தவர் எத்தனை பேர் என்பது வேறொரு கட்டுரைக்கான கேள்வி.) நினைவகம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை வட்டுக்குத் தள்ளுகிறது, வேண்டும்போது மீட்டெடுக்கிறது. அந்தப் போக்குவரத்தைத்தான் நாம் ‘ஸ்லோ’ என்கிறோம்.

நினைவகத்தை நிரப்புவது யார்? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தி, ‘ஸ்டார்ட்அப்’ பட்டியலைப் பாருங்கள். என்றோ ஒருநாள் நிறுவிய பாட்டு மென்பொருள், விற்றுவிட்ட அச்சுப்பொறியின் உதவியாளன், நாம் பெயரே அறியாத ‘அப்டேட்டர்’கள். வேகம் கூட்டித் தருவதாகச் சொல்லி இறக்கிய ‘பூஸ்டர்’ கூட அங்கே முதல் ஆளாக அமர்ந்திருக்கும்! நமக்கு உண்மையில் வேண்டியவை வைரஸ் காவல், பாதுகாப்புப் புதுப்பித்தல், பிறகு எ-கலப்பையோ என்எச்எம் எழுதியோ போன்ற ஒரு தமிழ்த் தட்டச்சுக் கருவி. மற்றவற்றை அணைத்தால் குடி முழுகிவிடாது. சில ‘டிப்ஸ்’ ஆசிரியர்கள் புதுப்பித்தலையும் சேர்த்து அணைக்கச் சொல்கிறார்கள். அது கதவைக் கழற்றி வைத்துவிட்டுக் காற்று வருகிறதென்று மகிழ்வது.

ஆனால் அணைப்பதைக் கற்பிப்பது மட்டும் நம் நோக்கமன்று. அணைக்கும் வேலை ஏன் நம்முடையதாயிற்று என்பதே கேள்வி. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது, இறக்கிய புதுப்பித்தல்களை முகமறியாதோர் கணினிகளுக்கு நம் இணைப்பின் வழியே ஏற்றியனுப்பும் வேலை வீட்டுப் பதிப்பில் கேளாமலே இயங்கியது. டேட்டாவை அளந்து செலவிடும் வீட்டில் இதற்குப் பெயர் வசதியா? கணினியின் நிலவரத்தை நிறுவனத்துக்கு அறிவிக்கும் பணியையோ வீட்டுப் பதிப்பில் குறைக்கலாம், முற்றிலும் நிறுத்த வழியில்லை.

இந்த வட்டாரத்துத் தறிகளில் ஏறியிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியைப் பார்த்தவர்க்கு இது விந்தையாகவே தோன்றும். அட்டையில் துளையிருக்கும் இடத்தில் மட்டும் பாவு நூல் எழும். துளையில்லாத இடத்தில் எழாது. கணினிக்குத் துளையட்டையைத் தந்த மூதாதை இந்தப் பெட்டிதான். ஏவாத இழையொன்று தானாய் எழுந்தால் நெசவாளர் தறியை நிறுத்திச் சரிசெய்வார். கணினியிலோ அதைத் தேடிக் கண்டுபிடிக்கவே நான்கு பட்டியல்களைத் திறக்க வேண்டியிருக்கிறது.

வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995இலேயே எச்சரித்தார். அவ்வாண்டு வெளிவந்த விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 எம்பி. 2021இல் வந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி. ஆயிரம் மடங்கு! கடிதம் அடிக்கிற வேலை ஆயிரம் மடங்கு கடினமாகிவிட்டதா என்ன?

‘வசதிகள் பெருகும்போது சுமையும் பெருகத்தானே செய்யும்’ என்பார்கள். பெருகட்டும், வேண்டுவோர் இயக்கிக்கொள்ளட்டும். நிறுவனத்தால் அது முடியாது என்று சொல்வதற்கில்லை. ஐரோப்பாவில் சட்டம் நெருக்கியதால் 2024 மார்ச் முதல் அங்குள்ளோர் எட்ஜ் உலாவியை முழுதாக நீக்கவும், தேடற்பெட்டியில் பிங் வந்து நிற்பதை நிறுத்தவும் வழி செய்யப்பட்டது. பாரிஸில் உள்ளவருக்குக் கிடைத்த பொத்தான் வாலாஜாபாத்தில் உள்ளவருக்குக் கிடைக்காததற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதுமில்லை. இங்கே யாரும் நெருக்கவில்லை, அவ்வளவே.

நெருக்கும் இடத்தில் இருப்பது நம் அரசுதான். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்று 2025 மார்ச் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இத்தனை பெரிய கொள்முதலில் விற்பவரைவிட வாங்குபவர் குரலே உரக்க ஒலிக்க வேண்டும். இத்தகைய டெண்டர்களில் செயலிக்கும் நினைவகத்துக்கும் பல வரிகள் ஒதுக்குபவர்கள் இன்னுமொரு வரியும் எழுதட்டும்: பாதுகாப்புக்கானவை தவிர, பின்னணியில் ஓடும் எதுவும் அணைக்கப்பட்ட நிலையிலேயே மாணவர் கைக்கு வர வேண்டும், எதை இயக்குவது என்பதைத் தமிழிலேயே கேட்க வேண்டும்.