மறதி நோய் மருந்தும் மளிகைக் கடையும்



மறதி நோய் மருந்துகளுக்கு உலகச் சந்தை பெருகி வருகிறது என்று பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது. அதைக் காட்டியே ஞாபகசக்தி லேகியம், சிரப், மாத்திரை என்று ஏஜெண்டுகள் நம் கடைகளுக்கும் வருகிறார்கள். எந்தச் சரக்கிலும் வியாபாரத் தொகை கூடினால், எடை கூடியதா, விலை கூடியதா என்று பிரித்துப் பார்ப்பது நம் வழக்கம். இதையும் அப்படியே பார்ப்போம்.

நோயாளிகள் பெருகுவது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் என்று 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

ஆனால் மருந்து? 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோனெபெசில் மாத்திரையைத்தான் இன்றும் டாக்டர்கள் பரவலாக எழுதுகிறார்கள். 2010-ல் அங்கே காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிக்க, விலை இறங்கிவிட்டது. அது நோயைத் தீர்ப்பதில்லை. சிலருக்குச் சில காலம் தடுமாற்றத்தைக் குறைக்கிறது.

தொகையை ஏற்றுவன புதிய ஊசி மருந்துகள். 2023-ல் அங்கே முழு அனுமதி பெற்ற லெகானெமாப்புக்கு வைத்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். 18 மாத ஆய்வில் அது நோய் முற்றும் வேகத்தைச் சுமார் 27 சதவீதம் குறைத்தது, நிறுத்தவில்லை. மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் வரக்கூடும் என்பதால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே போட வேண்டும். 2021-ல் வந்த அடுகானுமாப் 56,000 டாலரில் தொடங்கி, விலை பாதியாகியும் விற்பனை ஓடாமல், 2024-ல் கம்பெனியாலேயே கைவிடப்பட்டது. ஆக, சந்தை பெருகுவதும் நோய் தீருவதும் ஒன்றல்ல.

அந்த ஊசி நம் கடைக்கு வராது. அதன் நிழலில் கிளம்பும் பாக்கெட்டுகளே வரும். ஜிங்கோ இலைச் சத்து இந்நோயைத் தடுக்கவில்லை என்று 3,069 முதியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2008-லேயே சொல்லிவிட்டது. வல்லாரையைக் கீரையாக விற்பதில் தவறில்லை. நோய் தீர்க்கும் மருந்தென்று விற்பதுதான் தவறு. மூளை நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கடை வாசலில் தொங்கும் அட்டையும் விளம்பரமே.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. தைராய்டு குறைவாலும், வைட்டமின் பி12 குறைவாலும் மறதி வரும். காலத்தோடு டாக்டரிடம் போனால் அதைச் சரிசெய்ய வழியுண்டு. நாம் கொடுத்த சிரப்பை நம்பி ஆறு மாதம் காத்திருந்தால், அந்தக் காலத்தை யார் திருப்பித் தருவது?

"நான் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்" என்பார்கள் சிலர். அதற்குத்தானே சங்கம் இருக்கிறது? எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. மேலும், ஏமாந்த குடும்பம் சிரப்போடு நிற்காது. அரிசி பருப்புக்கும் வேறு கடை தேடிப் போய்விடும்.

காலையில் வாங்கிய துவரம்பருப்பையே மாலையில் மறுபடி கேட்பவரை, சில்லறை எண்ணத் தடுமாறுபவரை முதலில் கவனிப்பவர் கடைக்காரர்தான். பணத்தை வாங்கிப் போட்டுக்கொள்ளாமல், வீட்டாரிடம் தனியாக, பக்குவமாகச் சொல்வது நம் கடமை. மறதியில் இரண்டாம் முறை வாங்கிய சரக்கை முகம் கோணாமல் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், காது மந்தம் உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால் சுமார் 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று 2024-ல் லான்செட் மருத்துவக் குழு கூறியது. நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் இது பொருந்தும்.

மறதியைத் தீர்க்கும் என்று சொல்லும் எந்தச் சரக்கையும் உறுப்பினர் கடைகளில் வைப்பதில்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன்.