ஏட்டில் கதை... தொண்டையில் ராகம்!

டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டும்போது, "இந்த ஷீட் இல்லாட்டி என்ன கெட்டுப் போச்சு?" என்று புலம்பாதவர் நம்மில் யார்? ஷீட் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். மெஷின் கதையல்ல, சங்கீதக் கதை.

டபுள் பாஸ் தெரியுமல்லவா? வயலின் குடும்பத்துக்குப் பெரியண்ணன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும்; நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தோ வாசிப்பார்கள். வழக்கமாகப் பின்வரிசையில் நின்று உறுமுகிற அந்த வாத்தியத்தை முன்னால் நிறுத்தி, மொத்த ஆர்க்கெஸ்ட்ராவையும் அதற்குத் துணையாக வாசிக்க வைப்பதுதான் டபுள் பாஸ் கான்செர்ட்டோ. மாமேதை ஹைடன் 1763 வாக்கில் அப்படி ஒன்று எழுதினார். இன்று அது இல்லை! அவர் வைத்திருந்த பட்டியலில் அதன் தொடக்கச் சுரங்கள் மட்டும் கிடக்கின்றன. காகிதம் போயிற்று, பாட்டும் போயிற்று.

ஆனால் அதே காலத்து வான்ஹால், டிட்டர்ஸ்டார்ஃப் கான்செர்ட்டோக்கள் பிழைத்துக்கொண்டன. காரணம், ஷ்பெர்கர் என்ற டபுள் பாஸ்காரர். தாமே 18 கான்செர்ட்டோ எழுதியவர். அடுத்தவர் எழுதியதையும் பத்திரப்படுத்தினார். 1812-ல் அவர் இறந்தார். அவர் சேர்த்த தாள்கள் ஜெர்மனியில் ஷ்வெரின் நூலகத்தில் இருக்கின்றன. இன்று உலகமெங்கும் டபுள் பாஸ் படிக்கிற பிள்ளைகள் அவற்றைத்தான் வாசிக்கிறார்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீசுகோல் விழுந்ததும் ஜவ்வென்று உடம்பு சிலிர்க்குமே! எங்கள் ஊரில் வயதான பாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். "பாட்டா, பாட்டெல்லாம் எழுதி வச்சிருக்கியளா?" என்று கேட்டேன்.

"கத ஏட்டுல கெடக்கு மக்கா. ராகம் தொண்டையில லா இருக்கு!"

பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பகீரென்றது.

நம் இசையின் குழைவையும் அசைவையும் ஐந்து கோட்டில் அடைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். அந்த டபுள் பாஸ் தாளிலும் எல்லாம் இல்லையே! அன்று வியன்னாவில் கம்பிகளுக்குச் சுருதி சேர்த்த முறை வேறு, இன்றைய முறை வேறு. எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும். வாசிப்பவர் சொந்தமாகக் கற்பனை செய்ய வேண்டிய இடமும் உண்டு. இருந்தாலும் தாள் இருந்ததால்தானே முட்டி மோதியாவது வாசிக்கிறார்கள்? நம்ம இளையராஜா எழுதிய சிம்பொனியை 2025 மார்ச் 8-ல் லண்டனில் வாசித்தவர்களுக்குத் தமிழா தெரியும்? தாளைப் பார்த்தார்கள், வாசித்தார்கள்.

செல்போனில் பதிவு செய்தால் போதாதா என்பான் நம்ம பயல் ஒருவன். பதிவும் வேண்டும்தான். ஆனால் வலத்தே பாடுகிறவர் எங்கே நிறுத்தினார், இடத்தே இருப்பவர் எங்கே எடுத்தார், உடுக்கை எந்த அடியில் விழுந்தது என்று பிரித்துக் காட்ட எழுத்துதான் வேண்டும். அசெம்பிளியை போட்டோ எடுத்தால் டிராயிங் ஆகிவிடுமா?

நம் யூனியனுக்கு ஒரு யோசனை. கலைவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கிற ஸ்பீக்கர் பாக்ஸில் இரண்டைக் குறையுங்கள் (காதுக்கும் நல்லது!). அந்தப் பணத்தில் பாட்டாவின் குழுவை இரண்டு நாள் உட்கார வைப்போம். சர்ச் கொயரில் நொட்டேஷன் படித்த பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே இருக்கிறார்கள், அவர்கள் எழுதட்டும். பாட்டாவிடம் கேட்டும் விட்டேன்.

"கூட்டிட்டு வா மக்கா. பங்குனிக்கு முந்தி வரணும். கொட தொடங்கிட்டா தொண்ட கட்டிப் போவும்."