ஊவாவில் ஒரு கோப்பை தேநீர்

2024 ஆகஸ்டில் நான்கு நாட்கள் ஊவா மலைகளில் நடந்தேன். ஹப்புத்தளையில் தொடங்கி, லிப்டன் சீட், பண்டாரவளை, எல்ல, தெமோதரை வழியாகப் பதுளையில் முடித்தேன். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இப்பகுதிக்குப் பலமுறை போனதுண்டு. தேர்தல், வேலைநிறுத்தம், மண்சரிவு என்று ஏதாவது ஒன்று இழுத்துச் சென்றிருக்கும். எந்தச் செய்தியும் இல்லாமல் கால்போன போக்கில் போனது இதுவே முதல் தடவை.

போகத் தூண்டியவர் ஓய்வுபெற்ற ஆங்கிலேயப் பத்திரிகையாள நண்பர். நாட்டுப்புறத்தில் நடைப்பயணம் போகும்போது, எந்த ஊர் மதுக்கடையில் உள்ளூர்ப் பியர் நன்றாக இருக்கும் என்று பார்த்துத்தான் அவர் வழியையே தீர்மானிப்பார். அவர் தேடுவது புட்டியில் அடைத்த பியரை அல்ல. பீப்பாய்க்குள் நொதித்துக்கொண்டே இருந்து, திறந்த சில நாட்களுக்குள் குடித்துத் தீர்க்கவேண்டிய உயிருள்ள பியரை. பெரும் ஆலைகள் அதை ஒழித்துவிடும் போலிருந்த வேளையில், 1971இல் நான்கு இளைஞர்கள் அயர்லாந்தின் கெரிப் பகுதியில் ஒரு மதுக்கடையில் அமர்ந்து, அதைக் காப்பதற்கு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். நம் தொழிலைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை உண்டு. 1974 முதல் நல்ல கடைகளுக்கு ஒரு கையேடும் வருகிறது.

நம் மலையகத்துக்கும் பியர் புதிதல்ல. நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டிலேயே மதுவடிசாலை இருந்தது. பின்னாளில் அது கொழும்புக்கு அருகே பியகமவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஊவாவில் நடப்பவன் தேடவேண்டிய பானம் அதுவன்று. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு சேர்த்து உலகம் பேசும் தேயிலை ஊவாத் தேயிலை. அது விளையும் மலையில், விளையும் பருவத்தில், வழியோரக் கடையில் அது ஒரு கோப்பை கிடைக்குமா? நான்கு நாட்களும் எனக்கு இதே கேள்விதான்.

பருவம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குப் புறத்தில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாப் பக்கம் இறங்குகிறது. தேயிலைச் செடி வாடி வதங்குகிறது. அந்த வதைப்பில்தான் கொழுந்தில் ஒரு தனி மணம் ஏறுகிறது. குளிர்ச்சியான, ஏறக்குறைய தைலத்தை நினைவூட்டும் மணம். கொழும்பு ஏலத்தில் வாங்குவோர் காத்திருப்பது இந்தச் சில வாரச் சரக்குக்குத்தான். நாட்டின் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலேறிவிடுகிறது.

முதல் நாள் ஹப்புத்தளையில் குடித்ததைத் தேநீர் என்று சொல்ல மனம் வரவில்லை. காலையில் கொதிக்க வைத்த சாயத்தை நண்பகலிலும் ஊற்றி, பால்மாவும் சீனியும் போட்டுக் கலக்கித் தந்தார்கள். நாவில் நின்றது சீனி மட்டுமே. மறுநாள் தம்பத்தென்ன தொழிற்சாலையைக் கடந்து ஏழு கிலோமீற்றர் ஏறி லிப்டன் சீட்டை அடைந்தேன். அங்கே ஒரு சிறு கடை. ரொட்டியும் சம்பலும் சூடான சாயத்தண்ணியும் கிடைக்கும். குளிருக்கு அது அமிர்தம், மறுக்கமாட்டேன். ஆனால் கீழே காற்றில் மிதந்துவந்த தொழிற்சாலை மணம் அந்தக் கோப்பையில் இல்லை. 1890இல் இத்தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், நேரே தோட்டத்திலிருந்து தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று விளம்பரம் செய்து கோடீஸ்வரர் ஆனவர். அந்த நேர்வழி லண்டனுக்குத்தான் போலும்.

மூன்றாம் நாள் ஒரு விடுதியில் அசல் ஊவாத் தேநீர் கிடைத்தது. வெள்ளைப் பீங்கான், மணற்கடிகை, சிறு தட்டில் பிஸ்கட். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கோப்பையின் விலை, அப்போது தோட்டத் தொழிலாளிக்கு இருந்த ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்தில் பாதிக்கு மேல். (1350 ரூபாய் என்ற வர்த்தமானி அதற்கு அடுத்த மாதம் வந்தது.) எல்லவுக்கு அருகே ஹல்பேவத்தை போன்ற தொழிற்சாலைகளில் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டிச் சுவைக்கவும் தருகிறார்கள், பொட்டலமும் விற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அது காட்சி, கடையன்று.

கடை என்று நான் சொல்வது தெமோதரைக்குப் போகும் வழியில், லயத்தின் ஓரத்தில் கண்ட ஒன்றை. தகரக் கூரை, ஒரு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு பணிஸ். கொழுந்து லொறிக்காரர் இருவர் ஏற்கெனவே அமர்ந்திருந்தார்கள்; அது நல்ல அறிகுறி. கடையை நடத்தும் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்வரை காத்திருந்தார். ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தூள் போட்டு, துணி வடியில் வடித்து, ஓர் ஆற்று ஆற்றித் தந்தார். போட்டது சாதாரண டஸ்ட். ஆயினும் அந்த நான்கு நாட்களில் குடித்தவற்றுள் விடுதித் தேநீருக்கு அடுத்தபடி இதுதான். டஸ்ட் என்றாலே தாழ்ந்தது என்று நினைப்பது தவறு. பழையதும், கழிவுத் தேயிலை கலந்ததும், கொதித்துக் கிடந்ததுந்தான் தாழ்ந்தவை.

என் பையில் பருவத் தேயிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. "அம்மா, இதில ரெண்டு கோப்பை போடுங்க. ஒன்று உங்களுக்கு" என்றேன். தயங்கித் தயங்கிப் போட்டார். ஒரு மிடறு குடித்துவிட்டு, "மருந்து வாசம் அடிக்குதே ஐயா, இதுக்கா இவ்வளவு பேரு?" என்று இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டார். லொறிக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பின்னர் யோசித்தபோது சிரிப்பு நிற்கவில்லை. அதைப் பிடிக்கவில்லை என்று சொல்லும் வாய்ப்பே அவருக்கு முப்பது வருடங்களில் வந்ததில்லை. வீட்டுக்குக் கிடைத்ததெல்லாம் தோட்டம் கொடுத்த தூள்தான்.

நிற்க. இதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, ஏலம், ஏற்றுமதி, அந்நியச் செலாவணி என்று தோட்ட நிர்வாகிகள் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோப்பைக்கு இரண்டரை கிராம் என்றால், இரண்டு கிலோ தேயிலையில் 800 கோப்பை. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஆக ஒன்பது கிலோ. பல தோட்டங்களில் ஒரு தொழிலாளி ஒரு நாளில் பறிக்கவேண்டும் என்று கேட்கும் 18 கிலோவில் இது சரிபாதி. ஒரு லயக் கடைக்கு மாதம் இரண்டு கிலோ பருவத் தேயிலையைத் தொழிற்சாலை விலைக்குக் கொடுத்தால் எந்தக் கம்பனியும் கவிழ்ந்துவிடாது.

குடிக்க ஆளும் இருக்கிறது. கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் பெக்கோ நடைபாதை அமைத்திருக்கிறார்கள். ஹப்புத்தளையும் எல்லவும் அதன் வழியில்தான். நடப்பவர்கள் லயங்களின் வாசலால் போகிறார்கள், படம் எடுக்கிறார்கள், ஊர் போய்ச் சேர்கிறார்கள். லயத்துக்கு அதனால் என்ன கிடைக்கிறது? அந்த அம்மாவின் வாங்கில் அமர்ந்து, இந்த மலையின் இந்த மாதத் தேயிலையை நியாயமான காசுக்குக் குடிக்கும் வசதி இருந்தால், தொழிற்சாலைக்கு விளம்பரம், அவருக்கு வருமானம். பருவம் முடிந்தால் டஸ்டுக்குத் திரும்பட்டும். பீப்பாய் தீர்ந்தால் என் நண்பரும் அடுத்த கடைக்குத்தான் நடக்கிறார்.

2025 நவம்பரில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தது. மண்சரிவுகளில் உயிர்கள் போயின, வீதிகளும் ரயில் பாதையும் உடைந்தன. அந்த அம்மாவின் கடை நிற்கிறதா என்று எனக்கு இன்னும் தகவல் இல்லை. அப்பக்கம் நடக்கப் போகும் நண்பர்கள், கையில் தேயிலை வைத்திருந்தால் அவரிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு கோப்பை. சீனியை அவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.