வயலோரம் யாருக்கு உரியது?

பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மில்லே தீட்டி, 1857ஆம் ஆண்டில் பாரிசில் காட்சிக்கு வைத்த எண்ணெய் வண்ண ஓவியம் 'கதிர் பொறுக்கும் பெண்கள்'. அதன் அச்சுப்படியை நாட்காட்டியிலோ நூல் அட்டையிலோ நம்மில் பலர் கண்டிருப்போம். அறுவடை முடிந்த வயலில் மூன்று ஏழைப் பெண்கள். இருவர் தரைவரை குனிந்து, சிந்திய கதிர்களைப் பொறுக்குகின்றனர். மூன்றாமவள் பாதி நிமிர்ந்து நிற்கிறாள். வெகு தொலைவில் உயர்ந்த கதிர்ப்போர்கள், நிறைந்த வண்டி, குதிரைமேல் ஒரு கண்காணி.

'எளிமையின் அழகு', 'வறுமையிலும் நிறைவு' என்று இதனைப் போற்றுவது நம் வழக்கம். இவ்வழக்கத்தைத்தான் நாம் மறுக்கிறோம். அன்று இதனைக் கண்ட பாரிசுச் செல்வர் பலர் அழகில் மயங்கவில்லை; அஞ்சினர். இப்பெண்களுக்குப் பின்னால் 1793ஆம் ஆண்டின் கொலைமேடைகள் தெரிவதாகவே ஒரு விமர்சகர் எழுதினார். அவர் அச்சம் தவறாயினும் பார்வை கூர்மையானது. போருக்கும் கைப்பிடிக் கதிருக்கும் இடையிலுள்ள தொலைவை அவர் கண்டார். நாமோ கண்டும் காணாதிருக்கிறோம்.

ஓவியத்தில் குழந்தை இல்லை. ஆனால் அக்கதிர் மாவாகி அப்பமானால், அதற்குக் காத்திருப்பது யார்? கண்டாச்சிபுரத்தைச் சுற்றியுள்ள கொல்லைகளில் அக்குழந்தையை நாம் கண்டிருக்கிறோம். மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும், மண்ணில் தங்கிய காய்களைக் குச்சியால் கிளறிப் பாவாடை மடியில் சேர்க்கும் சிறுமி அவள். அன்றிரவு அவள் வீட்டில் வெந்தது அந்தக் காய்தான். அவளைத் 'திருடி' என்று விரட்டிய குரல்களையும் கேட்டிருக்கிறோம். அவற்றுள் ஞாயிறுதோறும் திருப்பலியில் பாடும் குரல்களும் இருந்தன.

திருடியவர் யார்? வயலின் ஓரம்வரை அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்கிறது லேவியர் நூல். மறந்து விட்ட கதிர்க்கட்டு அந்நியருக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைக்கும், கைம்பெண்ணுக்கும் சேரும் என்கிறது இணைச்சட்டம். இது இரக்கம் காட்டச் சொல்லும் அறிவுரையன்று, சட்டம். ஓய்வுநாளில் பசியால் கதிர் கொய்த சீடரை இயேசு கண்டிக்கவில்லை, அவர்களுக்காக வாதாடினார்.

நாம் செவ்வாய்தோறும் அந்தோணியார் அப்பம் வழங்குகிறோமே என்பர் சிலர். வழங்குவோம், நல்லதே. ஆயினும் அது நம் கை விரும்பியபோது திறப்பது. வயலோரமோ நாம் விரும்பினும் விரும்பாவிடினும் அவர்களுடையது. உரிமையை அடைத்துவிட்டுத் தருமத்தைத் திறப்பது நீதியாகாது. மண்ணுலகின் செல்வங்கள் எல்லா மக்களுக்காகவும் படைக்கப்பட்டவை என்று 1965ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது.

'இன்று இயந்திரம் அறுக்கிறது. கதிர் பொறுக்க யார் வருகிறார்?' என்று கேட்கலாம். உண்மை, வயலோரம் இடம் மாறியிருக்கிறது. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும், 1982இல் வந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலைச் சிற்றுண்டியும் இந்நாளின் வயலோரங்கள். பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியதும் குழந்தையின் சோற்றை உரிமையாக்கின. அச்சோற்றை 'இலவசம்' என்று நாம் எள்ளும்போது, கொல்லையில் விரட்டிய அதே குரலிலேயே பேசுகிறோம்.

பெத்லகேம் என்றால் 'அப்பத்தின் வீடு'. அவ்வூர் வயலில் கதிர் பொறுக்கிய அந்நிய நாட்டுக் கைம்பெண் ரூத்து. அவள் பொறுக்க இடமளித்தவர் போவாசு. அவர்கள் வழிமரபில்தான் தாவீதும், பின்னர் நம் ஆண்டவரும் தோன்றினர். போவாசு அன்று அவளைத் திருடி என்று விரட்டியிருந்தால்? பலிபீடத்து அப்பத்திற்கு முன் முழந்தாளிடும் நாம், இக்கேள்வியை நெஞ்சில் ஏந்தியே எழுவோம். சுவரில் தொங்கும் ஓவியம் அங்கேயே இருக்கட்டும். வயலோரத்தை மட்டும் திருப்பிக் கொடுப்போம்.