சட்டம் வாசலில் நின்றுவிடலாமா?

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் கந்தோரிலும் மூடிய பொது இடங்களிலும் புகைத்தலைத் தடுத்தது. வளர்ந்தோருக்குக் காவல் கிடைத்தது. களுதாவளையில் தகப்பன் வீட்டுக்குள் ஊதும் புகையைச் சுவாசிக்கும் பாலகனுக்குக் காவல் எங்கே?

வீட்டுக்குள் சட்டம் நுழையலாகாது என்பர் சிலர். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 இலேயே நுழைந்துவிட்டதே! அடிப்பது குற்றமெனில், பிள்ளைக்கு ஆஸ்துமாவையும் நெஞ்சுச் சளியையும் கொடுக்கும் புகை மட்டும் உரிமையாகுமா? இங்கிலாந்தில் 2015 முதல் சிறுவர் இருக்கும் காரில் புகைப்பது குற்றம்.

சிறைத் தண்டனையை நாம் கேட்கவில்லை. முதலில் குடும்பநல மாதின் எச்சரிக்கை. மீறினால் நீதிமன்றத் தண்டம். இவ்வளவே எமது கோரிக்கை.

வெற்றிலைக் கொழுந்து வாடாதபடி நிழலிட்டு வளர்க்கும் விவசாயப் பெருமக்களே! வீட்டுக் கொழுந்து வாடலாமா?